ஊருக்குள் ஒரு மின்சார நிலையம்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



மின்சாரம் நம் நாட்டிற்குப் புதுமைப் பொருள் அன்று. 1932-ஆம் ஆண்டில் நீலகிரி மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் மேட்டூரிலும் மின்சாரம் பிறந்தது. அது முதல் மின்கம்பிகள் ஊர் ஊராகச் சென்றன. கிணற்று மேட்டில் கமலை நின்றது. பம்புசெட் ஓடத் தொடங்கியது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூர் மாநிலத்து லெய்சாங் என்னும் கிராமத்திற்கு மின்சாரம் சென்றது. அத்துடன் இந்தியாவின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று மத்திய அரசாங்கம் அறிவித்தது.

இது பெருமைக்குரிய செய்தியே. ஆனால் கிராமம் வேறு, அக்கிராமத்தைச் சேர்ந்த குடியிருப்புகள் வேறு. 2004-ஆம் ஆண்டில் வகுத்த விதிப்படி, ஓர் ஊரின் வீடுகளில் நூற்றுக்குப் பத்து வீடுகளும், பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம் போன்ற பொது இடங்களும் இணைப்புப் பெற்றால் அவ்வூர் மின்வசதி பெற்றதாகக் கொள்ளப்படும். தாய்க் கிராமம் கணக்கில் சேர்ந்த பின்னும், காட்டுக்குள் தள்ளியிருக்கும் ஐம்பது வீடுகள் இருளில் இருந்திருக்கலாம். ஆனைமலை முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பழங்குடி மக்கள் வாழும் குடியிருப்புகள் சிலவற்றிற்கு மின்கம்பி நெடுங்காலம் செல்லவில்லை. அங்கே வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த சூரிய விளக்கே துணையாக இருந்தது.

இத்தகைய குடியிருப்புகளுக்குப் பெரிய மின்கம்பியைக் கொண்டு செல்வதில் உள்ள தொல்லைகளை நாம் அறிவோம். பல மைல் காட்டு வழியில் கம்பம் நட வேண்டும். காற்றில் மரம் முறிந்து கம்பியின்மேல் விழும். யானை கம்பத்தைச் சாய்க்கும். கம்பி அறுந்தால் பழுது பார்ப்பவர் நடந்து வந்து சேர நாட்கள் ஆகும். இத்தனையும் ஐம்பது வீடுகளுக்காக! ஆகவே, மின்சாரத்தை அந்த ஊரிலேயே எடுத்து அந்த ஊருக்கே வழங்கினால் என்ன என்ற யோசனை எழுந்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

சிறு மின்தொகுப்பு

வீட்டுக்கு ஒரு தகடும் ஒரு பாட்டரியும் கொடுப்பது ஒரு முறை. ஊருக்குப் பொதுவாக ஓரிடத்தில் மின்சாரம் எடுத்து, அங்கிருந்து கம்பம் நட்டுக் கம்பி இழுத்து, வீடுகளுக்கும் தெருவிளக்குக்கும் பள்ளிக்கும் குடிநீர் மோட்டாருக்கும் வழங்குவது மற்றொரு முறை. இந்த இரண்டாவது முறையையே சிறு மின்தொகுப்பு என்று கூறுகிறோம். முதல் முறையில் விளக்கு எரியும். மாவு இயந்திரம் ஓடாது. இரண்டாவது முறையில் பகல் வெயிலைக் கொண்டு மாவு அரைக்கலாம், தண்ணீர் இறைக்கலாம், தையல் இயந்திரம் ஓட்டலாம். ஆனால் பொதுச் சொத்துக்குப் பொது நிர்வாகம் வேண்டும். இச்சொற்பொழிவின் சாரம் இதுவே: இயந்திரத்தை வாங்கி நிறுத்துவது எளிய காரியம்; அதை இருபது ஆண்டுக் காலம் ஓட்டுவதுதான் பஞ்சாயத்தின் காரியம்.

எதிலிருந்து மின்சாரம் எடுப்பது?

முதலாவது, வெயில். நம் நாட்டில் ஒரு கிலோவாட் அளவுள்ள சூரியத் தகடுகள் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவு மின்சாரம் தரும். அவற்றிற்குச் சுமார் 100 சதுர அடி இடம் போதும். தகடுகள் தெற்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அவற்றின்மேல் மரநிழல் விழலாகாது. ஒரு தகட்டின் ஓரத்தில் விழும் நிழல், அதனோடு தொடராக இணைந்த மற்றத் தகடுகளின் விளைச்சலையும் குறைத்துவிடும்.

இரண்டாவது, ஓடை. மலைச் சரிவில் ஆண்டு முழுவதும் நீர் ஓடும் இடம் இருந்தால், அணை கட்டாமலே, குழாய் வழியாக நீரை இறக்கிச் சிறு சக்கரத்தைச் சுழற்றலாம். நொடிக்கு 50 லிட்டர் நீர் 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், தேய்மானம் போக ஏழு கிலோவாட் அளவு கிடைக்கும். அது இரவு பகலாகக் கிடைக்கும் என்பதால் பாட்டரிச் செலவு பெரும்பாலும் மிச்சம். ஆனால் நீரை அளப்பவர்கள் ஐப்பசியில் அளந்து திட்டம் போடக் கூடாது. சித்திரை, வைகாசியில் அளக்க வேண்டும். கோடையில் எவ்வளவு ஓடுகிறதோ அவ்வளவே அந்த ஓடையின் உண்மையான வலிமை. மழை நாட்களில் வெயில் குறையும், ஓடை பெருகும். ஆகவே இரண்டும் உள்ள ஊரில் இரண்டையும் சேர்த்து அமைப்பது புத்திசாலித்தனம்.

மூன்றாவது, விறகு வாயு. மேற்கு வங்காளத்துச் சுந்தரவனப் பகுதியில் கோசாபா என்னும் தீவில் 1997-ஆம் ஆண்டில் 500 கிலோவாட் அளவில் இத்தகைய நிலையம் அமைத்தார்கள். விறகைக் குறைந்த காற்றில் எரித்து வாயு எடுத்து, டீசலுடன் சேர்த்து இயந்திரம் ஓட்டினார்கள். இம்முறைக்கு நாள்தோறும் விறகு வேண்டும். அதற்கென்று மரம் வளர்க்காத ஊர் இதில் இறங்குவது சரியன்று.

தேவையைக் கணக்கிடுதல்

ஐம்பது வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்கு 9 வாட் விளக்கு நான்கு, நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் 180 வாட்-மணி. 30 வாட் மின்விசிறி ஒன்று, எட்டு மணி நேரத்திற்கு 240. தொலைக்காட்சி 60 வாட் வீதம் மூன்று மணி நேரம், 180. கைப்பேசிகளுக்கு 30. மொத்தம் 630 வாட்-மணி. ஐம்பது வீடுகளுக்கு முப்பத்தொன்றரை யூனிட். பத்துத் தெருவிளக்குகள், ஒரு குதிரைத்திறன் குடிநீர் மோட்டார், பள்ளி, அங்கன்வாடி ஆகியவற்றிற்கு ஆறரை யூனிட் சேர்த்தால் நாளொன்றுக்கு 38 யூனிட். பாட்டரியில் சேமித்து எடுப்பதால் ஏற்படும் இழப்பையும் மேகமூட்டமான நாட்களையும் எண்ணிப் பார்த்தால் பதினைந்து கிலோவாட் நிலையம் வேண்டியிருக்கும். தகடுகளுக்கு மட்டும் மூன்றரை சென்ட். நடைபாதையும் பாட்டரி அறையும் சேர்த்து ஏழெட்டு சென்ட் நிலம் போதுமானது.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. 30 வாட் விசிறிக்குப் பதிலாகப் பழைய 75 வாட் விசிறியை வீட்டுக்கு ஒன்று மாட்டினால், அதனால் மட்டும் நாளைக்குப் பதினெட்டு யூனிட் கூடுதலாகச் செலவாகும். நிலையத்தின் அளவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்க வேண்டியிருக்கும். ஆகவே நிலையத்துக்கு நிதி கேட்கும்போதே, சிக்கனமான விளக்குக்கும் விசிறிக்கும் சேர்த்துக் கேட்பது ஊருக்கு அநுகூலம்.

இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்ச் சுருள், மின்சார அடுப்பு ஆகியவை வேறு வகை. ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு ஒரே நேரத்தில் ஓடினால், ஐம்பது வீட்டு விளக்குகளும் சேர்ந்து இழுப்பதைவிட அதிகம் இழுக்கும். அவற்றை மாலையில் பயன்படுத்துவதில்லை என்று ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். நண்பகலில் வெயில் மிகுந்திருக்கும்போது, முறை வைத்துப் பயன்படுத்தலாம். ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய நமக்கு இது புதிய வழக்கமன்று.

பிற இடங்களின் அனுபவம்

கங்கை கடலோடு கலக்குமிடத்தில் சாகர் தீவு இருக்கிறது. அகன்ற ஆற்றைத் தாண்டி மின்கம்பி செல்ல முடியாதிருந்த காலத்தில், 1996-ஆம் ஆண்டில், அத்தீவின் கமல்பூர் கிராமத்தில் 26 கிலோவாட் சூரிய மின்நிலையம் அமைத்தார்கள். மாலையில் சில மணி நேரம் மின்சாரம் வழங்கினார்கள். பயன்படுத்துவோரே சங்கம் கூடிக் கட்டணம் வசூலித்தார்கள். பிள்ளைகள் படித்தார்கள், கடைகள் இருட்டிய பின்னும் திறந்திருந்தன. அதைப் பார்த்து அத்தீவின் பிற ஊர்களும் நிலையம் கேட்டன.

இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை முதலிய மலை மாவட்டங்களில் ஓடை நீரைக் கொண்டு கிராம மின்நிலையங்கள் தோன்றின. 1997-ஆம் ஆண்டு முதல் 2011-ஆம் ஆண்டு வரை உலக வங்கி உதவியுடன் நடந்த திட்டங்களின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இவ்வாறு ஒளி பெற்றன. ஒவ்வோர் ஊரிலும் மின் நுகர்வோர் சங்கம் அமைந்தது. வாய்க்கால் வெட்டுவதற்கும் குழாய் பதிப்பதற்கும் வீட்டுக்கு ஒருவர் உழைப்பு நல்கினார்கள். வீட்டுக்கு இத்தனை வாட் என்று வரம்பு கட்டினார்கள். வரம்பு மீறினால் அந்த வீட்டின் இணைப்பு மட்டும் தானே துண்டித்துக்கொள்ளும். ஊரார் விளக்கை அணைத்து மிச்சப்படும் மின்சாரத்தை ஒரு கட்டுப்பாட்டுக் கருவி நீருக்குள் வைத்த வெப்பச் சுருளுக்குத் திருப்பிவிடும். அதனால் சக்கரம் தறிகெட்டுச் சுழலாது.

மூன்றாவது ஊர் நமக்கு எச்சரிக்கையாக இருக்கிறது. பீகார் மாநிலம் ஜஹானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்னும் கிராமம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மின்சாரமின்றி இருந்தது. 2014-ஆம் ஆண்டு ஜூலையில் 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பு அங்கே திறக்கப்பட்டது. ஏறத்தாழ 450 வீடுகளுக்கும், பம்புகளுக்கும், தெருவிளக்குகளுக்கும் மின்சாரம் கிடைத்தது. நாடெங்கும் அதைப் பாராட்டினார்கள். ஆயினும் ஊரார் பலர் தங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும் என்று கேட்டார்கள். அதாவது, எந்தச் சாதனத்தையும் தடையின்றி ஓட்டக்கூடிய, கட்டணம் குறைந்த மின்சாரத்தைக் கேட்டார்கள். விரைவிலேயே பெரிய மின்கம்பியும் வந்தது. மக்கள் அதற்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் பாட்டரிகள் வலுவிழந்தன. அவற்றை மாற்ற நிதி இல்லை, பொறுப்பாளரும் இல்லை. 2021-ஆம் ஆண்டளவில் அந்த நிலையத்தில் மாடுகள் கட்டப்பட்டிருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின.

தர்னாயின் தகடுகள் கெடவில்லை, வெயிலும் குறையவில்லை. பாட்டரிக்கு ஒதுக்கு நிதி, கட்டணத்தில் நியாயம், பெரிய கம்பி வந்தால் என் செய்வது என்ற முன்யோசனை ஆகிய இம்மூன்றும் இல்லாமையே குறை. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஒதுக்கு நிதியும் கட்டணமும்

சூரியத் தகடு இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்கும். பாட்டரி அவ்வாறன்று. ஈயப் பாட்டரி ஐந்து ஆண்டு அளவிலும், லித்தியம் பாட்டரி பத்து ஆண்டு அளவிலும் மாற்ற வேண்டி வரும். உழவு மாட்டுக்குத் தீனி போடுவது போல இது தவிர்க்க முடியாத செலவு. முதல் நாளிலிருந்தே இதற்குப் பணம் சேர வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்லுவோம். பாட்டரி மாற்ற ஆறு லட்சம் ரூபாய் ஆகும் என்றும், அது எட்டு ஆண்டுகள் உழைக்கும் என்றும் கொள்வோம். மாதம் 6,250 ரூபாய் ஒதுக்க வேண்டும். நிலையத்தைக் கவனிப்பவருக்கு மாதம் 6,000 ரூபாயும், சில்லறைப் பழுதுக்கு 1,500 ரூபாயும் கொண்டால் மொத்தம் 13,750 ரூபாய். ஐம்பது வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்கு 275 ரூபாய்.

இங்கே ஒரு நியாயக் கேள்வி எழுகிறது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் மின்சாரத்தைக் கட்டணமின்றி வழங்கும் ஏற்பாடு 2016-ஆம் ஆண்டில் வந்தது. நாம் கணக்கிட்ட காட்டுக் குடியிருப்பு வீடு இரு மாதத்திற்குச் செலவிடுவது 38 யூனிட் மட்டுமே. பெரிய கம்பியில் இணைந்திருந்தால் அவ்வீட்டார் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. ஊருக்குள் இருப்பவருக்கு இலவசம். காட்டுக்குள் கூலி வேலை செய்பவருக்கு மாதம் 275 ரூபாய்! இதை நியாயம் என்று யாரும் ஒப்பமாட்டார்கள். ஆகவே, பெரிய மின்தொகுப்பில் உள்ள ஏழை வீட்டுக்கு அரசாங்கம் ஏற்கும் செலவைச் சிறு மின்தொகுப்பில் உள்ள வீட்டுக்கும் ஏற்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் இயற்றி அனுப்புவது முறையான செயல்.

அதற்காகக் கட்டணமே வேண்டாம் என்று விட்டுவிடலாகாது. உதவி வரும்வரையிலும், வந்த பின்னும், வீட்டுக்குச் சிறு தொகையாவது வசூலாக வேண்டும். காசு கொடுப்பவர்தான் விளக்கு அணைந்தால் காரணம் கேட்பார். தொழிலுக்கு மின்சாரம் எடுக்கும் மாவு இயந்திரத்தாரும் கடைக்காரரும் கூடுதலாகச் செலுத்தலாம். வாழ வழியற்ற முதியோர் வீட்டுக்குரிய பங்கைப் பஞ்சாயத்து ஏற்கலாம். பாட்டரி நிதியை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு, அதிலிருந்து வேறு எச்செலவுக்கும் எடுப்பதில்லை என்று விதி செய்து, வரவு செலவைக் கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும்.

பெரிய கம்பி வரும்போது

பெரிய மின்கம்பி வருவது தீமை அன்று, அது வரவேற்கத்தக்கதே. அது வந்த நாளில் சிறு நிலையம் வீணாகிவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் கவலை. இலங்கையிலும் பெரிய கம்பி சென்ற பின் பல கிராம நிலையங்கள் நின்றுபோயின. ஆனால் ஒரு சில சங்கங்கள் தங்கள் நிலையத்தைப் பெரிய தொகுப்போடு இணைத்து, மின்சாரத்தை விற்று வருவாய் பெற்றன. நேற்று வரை மின்சாரம் வாங்கிய ஊர், அதன் பின் மின்சாரம் விற்கும் ஊராயிற்று.

இதற்குத் தொடக்கத்திலேயே வழி செய்ய வேண்டும். கம்பமும் கம்பியும் மின்வாரியத் தரத்தில் அமையட்டும். வளைந்த கழியும் மெல்லிய கம்பியும் பின்னால் பயன்படா. மின்மாற்றுக் கருவி, அதாவது இன்வெர்ட்டர், பெரிய தொகுப்போடு இணையத்தக்க வகையாக இருக்கட்டும். கம்பி வந்தால் மின்சாரத்தை வாங்கிக்கொள்வது பற்றி ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருக்கட்டும். பெரிய கம்பி அறுந்து நாள்கணக்கில் இருள் சூழும் காலத்தில், பள்ளிக்கும் குடிநீருக்கும் தெருவிளக்குக்கும் அந்தச் சிறு நிலையம் கைகொடுக்கும்.

பஞ்சாயத்தின் உரிமை

இதெல்லாம் மின்வாரியத்தின் வேலை அல்லவா, நமக்கு ஏது அதிகாரம் என்று சிலர் கேட்கலாம். 1993-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் பதினொன்றாம் அட்டவணையைச் சேர்த்தது. பஞ்சாயத்துகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 துறைகளில், மின்சார விநியோகம் உள்ளிட்ட கிராம மின்மயமும், மரபுசாரா எரிசக்தியும் தனித்தனியே இடம்பெற்றுள்ளன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி, மாநில அரசாங்கம் அறிவிக்கும் கிராமப்புறப் பகுதியில் மின்சாரம் எடுத்து வழங்குவோர்க்கு உரிமம் தேவையில்லை. பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

காட்டு நிலம் என்பதால் தயங்குவோர்க்கும் ஒரு செய்தி உண்டு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பள்ளி, சாலை, குடிநீர் ஆகியவற்றோடு மின்கம்பிகளுக்கும் மரபுசாரா எரிசக்தி அமைப்புகளுக்கும் காட்டு நிலத்தைப் பயன்படுத்த வழி செய்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமே எடுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டலாகாது. கிராம சபையின் பரிந்துரை வேண்டும். நாம் கணக்கிட்ட நிலையத்துக்கு வேண்டியதோ ஏழெட்டு சென்ட். ஆகவே கோப்பு தொடங்க வேண்டிய இடம் நம்முடைய கிராம சபையே.

பஞ்சாயத்தால் இவ்வளவு பெரிய நிர்வாகம் முடியுமா என்று ஐயுறுவோர் கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறையைப் பார்க்கலாம். அப்பஞ்சாயத்து 2006-ஆம் ஆண்டில், தன் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. அது பெரிய தொகுப்போடு இணைந்த காற்றாலை. சிறு மின்தொகுப்பு அன்று. ஆயினும், கடன் வாங்கி, மின்சாரம் எடுத்து, ஒழுங்காகக் கணக்கு வைக்க ஒரு கிராமப் பஞ்சாயத்தால் முடியும் என்பதற்கு அது கண்கண்ட சான்று.

கடமைகள்

நிலையத்தைக் கவனிக்க அவ்வூரைச் சேர்ந்த இருவருக்குப் பயிற்சி அளிக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். ஆண்கள் வேலைக்கு வெளியூர் சென்றாலும் நிலையம் நிற்காது. வாரந்தோறும் காலை வேளையில் தகடுகளைத் துடைத்தல், ஈயப் பாட்டரிக்கு வாலை நீர் ஊற்றுதல், அன்றாட மின் அளவைப் புத்தகத்தில் எழுதுதல் ஆகியவை அவர்கள் வேலை. தரையிணைப்பும் இடிதாங்கியும் சரியாக உள்ளனவா என்று மழைக்காலத்திற்கு முன் பார்க்க வேண்டும். தோட்ட வேலிக்கு இந்தக் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கலாகாது. அதில் மாண்டுபோவது யானை மட்டுமன்று. விடியற்காலையில் மாடு ஓட்டிச் செல்லும் சிறுவனும் மாளக்கூடும்.

அன்பர்களே! ஓர் ஊருக்கு மின்நிலையம் வந்து மூன்றாம் ஆண்டில் நின்றுபோனால், அவ்வூர் பழைய நிலைக்கு மட்டும் திரும்புவதில்லை. அரசாங்கப் பட்டியலில் அது மின்வசதி பெற்ற ஊராகவே இருக்கும். மறுபடியும் ஒரு திட்டம் வருவது அரிது. இரவில் பாம்பு கடித்தவரைத் தூக்கிவரும் பாதையில் விளக்கு இராது. மருந்து வைக்கும் குளிர்பெட்டி வெறும் பெட்டியாக நிற்கும். ஆகவே திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன்பே, பாட்டரிக் கணக்கு வங்கியில் தொடங்கப்பட்டதா, கவனிப்பவர் பயிற்சி பெற்றாரா, கட்டணம் கிராம சபையில் முடிவாயிற்றா என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின் விழா எடுங்கள்.

உங்கள் பஞ்சாயத்தில் இருட்டில் இருக்கும் குடியிருப்பு எதுவென்று உங்களுக்குத் தெரியும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அக்குடியிருப்பின் வீடுகளை எண்ணி, தேவையைக் கணக்கிட்டு, ஓடை இருந்தால் கோடையில் அளந்து, ஒரு தீர்மானத்தை எழுதி வையுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.